மண் ஈரமாக இருந்தும் ஆப்பிரிக்கன் வயலட் வாடுகிறது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி – மூணாறு

வணக்கம். எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். அம்மா ஜன்னலோரம் ஆப்பிரிக்கன் வயலட் வளர்க்கிறார். மழை பிடித்ததிலிருந்து ஒரு செடி துவண்டுவிட்டது. அடி இலைகள் தொட்டி விளிம்பில் தொங்குகின்றன. மண்ணைத் தொட்டால் ஈரம்தான். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகிறது. மற்ற தொட்டிகளில் இலை மேல் வெளிறிய வளையங்கள் வேறு. நோய் பரவுகிறதா? அம்மாவுக்கு இந்தச் செடிகள் மேல் உயிர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – கொழிஞ்சாம்பாறை

தம்பி, தண்ணீரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஈர மண்ணில் வயலட் வாடினால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். வேர் போய்விட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் இலைக்கு ஏறாது. பித்தியம், பைட்டோப்தோரா மாதிரி கிருமிகளுக்குத் தேங்கிய ஈரம் போதும்.

செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, விறைப்பாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகக் குழைந்திருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் தண்டைக் கீழிருந்து மெல்லிசாகச் சீவிக்கொண்டே வாருங்கள். உள்ளே சுத்தமான பச்சை தெரிந்தால் அங்கே நிறுத்தி, அந்தத் தலையை லேசான ஈரமுள்ள பெர்லைட் (கனமில்லாத வெள்ளைக் கல் துகள்), தேங்காய் நார்க்கழிவுக் கலவையில் நட்டு, கண்ணாடி மாதிரித் தெரியும் டப்பாவால் மூடி வெளிச்சத்தில் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம். புது வேர் விடும்.

வளையங்களுக்குப் பயப்பட வேண்டாம், அது தொற்றாது. இலையை விடக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்த இடத்தில் பச்சையம் சிதைந்து அப்படி வரும். மழைக்கால மூணாறில் குழாய்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். விழுந்த வளையம் அந்த இலையிலிருந்து மறையாது. இனிமேல் வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் ஊற்றி, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இது தான்சானியாவின் உசம்பரா மலைச்செடி. 1892இல் ஜெர்மானிய அதிகாரி செயிண்ட் பால் அங்கிருந்து ஊருக்கு அனுப்பிய பிறகுதான் வெளியே தெரிந்தது. அங்கேயும் தேயிலை உண்டு, பனி உண்டு. அதனால் மூணாறு ஒத்துக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் காட்டில் அது நிழலான பாறை இடுக்கில், கொஞ்சமே கொஞ்சம் மண்ணில், தண்ணீர் நிற்காத இடத்தில் வளர்வது. தொட்டி சின்னதாக, கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும்.

மூணாறு

நன்றி அக்கா. சீவிப் பார்த்தேன், உச்சி வரை பழுப்பு. இலைகள் சில நன்றாக இருக்கின்றன. இன்னொன்று: ஒரு செடியில் நடுக்குருத்து மட்டும் சுருண்டு, இறுகி, சாம்பல் நிறமாக இருக்கிறது. தொட்டால் ஒடிகிறது. இதுவும் அழுகலா?

பதில் – குமுளி

அந்த நல்ல இலைகள் போதும் தம்பி. அடி இலையையும் குருத்தையும் விட்டுவிட்டு நடு அடுக்கிலிருந்து எடுங்கள். காம்பைச் சாய்வாக வெட்டி அதே கலவையில் செருகுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர், அப்புறம் ஓரிரு மாதத்தில் குட்டிச் செடிகள். அம்மாவின் செடியே திரும்ப வரும்.

ஆனால் சாம்பல் குருத்து எனக்குக் கவலையாக இருக்கிறது. அது சைக்ளமன் சிலந்திப்பேனின் அடையாளம், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. கை வழியாகவே அடுத்த தொட்டிக்குப் போகும். உடனே அந்தத் தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். நான் என்றால் செடியைக் கலவையோடு பையில் கட்டி எறிந்துவிடுவேன், அதில் இலைகூட எடுக்க மாட்டேன். கையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகே மற்றவற்றைத் தொடச் சொல்லுங்கள்.