புதுப்பிப்பு: அம்மாவின் பித்தப்பை, இரண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம்

ஐந்து மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தேன்: கல்லுக்காக அம்மாவின் பித்தப்பையை எடுத்தார்கள், பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது, பைதான் போய்விட்டதே, இன்னொரு ஆபரேஷன் எதற்கு?

டாக்டர் ஒரு தாளில் வரைந்தே காட்டினார். பித்தப்பையின் சுவர் மெல்லியது. குடலில் உள்தோலுக்கும் தசைக்கும் நடுவே இன்னொரு அடுக்கு உண்டு. இதில் அது கிடையாது. போதாததற்கு ஒரு பக்கம் கல்லீரலோடு ஒட்டியே இருக்கிறது. அதனால் நோய் சுவரைத் தாண்டி அங்கே போவது சுலபம். நோய் உள்தோலோடு நின்றிருந்தால், அதாவது டி1ஏ என்ற ஆரம்ப நிலை என்றால், பையை எடுத்ததே போதும். அம்மாவுக்குத் தசையையும் தாண்டியிருந்தது, டி2. அதனால் பை ஒட்டியிருந்த இடத்துக் கல்லீரலில் கொஞ்சமும், சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களும் எடுத்தார்கள்.

ஒரு கணுவில் நோய் இருந்தது. அந்த ரிப்போர்ட் வந்த இரவு நான் தூங்கவில்லை. அம்மா நன்றாகத் தூங்கினார்.

இப்போது கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை. இரண்டு வாரம் காலையும் இரவும், ஒரு வாரம் ஓய்வு. மொத்தம் 8 சுற்று, கிட்டத்தட்ட ஆறு மாதம். முடி கொட்டவில்லை. தொல்லையெல்லாம் உள்ளங்கையிலும் பாதத்திலும்தான்: சிவந்து, எரிந்து, தோல் உரிகிறது. மூன்றாம் சுற்றில் பாட்டில் மூடியைத் திருக முடியாமல் என்னிடம் நீட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை மறைத்திருக்கிறார்! டாக்டரிடம் சொன்னதும் மாத்திரை அளவைக் குறைத்தார். உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் கையைத் திருப்பிப் பாருங்கள்.

இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, ஏன் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நோய் பரவிய நிலையில் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளோடு சேர்த்துக் கொடுப்பது அது. அம்மா அந்த நிலையில் இல்லை.

அடுத்த ஸ்கேன் வரும் மாதம்.