மைனர் பிள்ளைகளுக்குப் பங்குள்ள மனையை விற்கத் தாயின் கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: திருப்பூரிலிருந்து ஒரு தாய்

வணக்கம். என் கணவர் 2023-இல் உயில் எழுதாமல் காலமானார். அவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கும்பகோணத்தில் வாங்கிய மனையும், நாங்கள் குடியிருக்கும் திருப்பூர் வீடும் இன்னும் அவர் பெயரிலேயே உள்ளன. வாரிசுச் சான்றில் நான், 14 வயது மகள், 9 வயது மகன், என் மாமியார் ஆகிய நால்வர் பெயரும் இருக்கின்றன. வீட்டின் மீதான வங்கிக் கடன் பத்து மாதத் தவணை நிலுவையில் நிற்பதால், மனையை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியைப் பிள்ளைகளின் படிப்புக்கு வைக்கலாம் என்று மாமியாரும் நானும் சேர்ந்தே முடிவெடுத்தோம். "தாய்தானே கார்டியன், மைனர்களுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும்" என்று பத்திரம் எழுதுபவர் சொன்னதை நம்பி 2 இலட்சம் ரூபாய் முன்பணமும் வாங்கிவிட்டேன். இப்போது வாங்குபவருக்குக் கடன் தரவிருந்த வங்கி, நீதிமன்ற அனுமதி இல்லை என்று கூறிக் கோப்பைத் திருப்பிவிட்டது. பெற்ற தாய்க்கு இந்த அதிகாரம் கிடையாதா?

பதில்: ஒரு வழக்கறிஞர்

அம்மா, நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கணவருக்குப் பின் பிள்ளைகளுக்கு இயற்கைக் காப்பாளர் நீங்களே. அதற்காகத் தனியாக நியமன உத்தரவு வாங்க வேண்டியதில்லை. ஆனால் காப்பாளராக இருப்பது வேறு, விற்கும் அதிகாரம் வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி கட்டாயம். விற்றுவிட்டுப் பிறகு வாங்கும் அனுமதி செல்லாது.

மனை கணவரின் தனிச் சொத்து என்பதால் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ஆகவே மனையில் சரிபாதி பிள்ளைகளுடையது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்பதற்கு 8-ஆம் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியதை எல்லாச் சொத்துக்கும் உரியதாகச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். உங்கள் மனை அந்த வகையில் சேராது.

அனுமதியின்றிப் பத்திரம் பதிவானாலும், பிள்ளைகள் மேஜரானதும் தங்கள் பங்கு வரை அதை மறுக்கலாம். 18 வயது நிறைந்ததிலிருந்து மூன்று ஆண்டு வரை அவர்களுக்குக் காலம் உண்டு. உங்கள் மகனுக்கு இப்போது 9 வயது. அப்படியானால் வாங்குபவரின் உரிமை இன்னும் 12 ஆண்டு அந்தரத்தில் தொங்கும். வழக்குப் போடாமலேயே, அந்தக் காலத்துக்குள் வேறொருவருக்கு விற்பது போன்ற தெளிவான செயலாலும் மறுக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வங்கி தயங்கியதில் நியாயம் இருக்கிறது.

பதில்: மனைவியின் வீட்டை விற்ற ஒரு தந்தை

மூன்றாண்டுக்கு முன் நானும் இதே நிலையில் இருந்தேன். நீதிமன்றத்தில் மனுவுக்கு எண் கிடைத்து, விற்பனை அனுமதி உத்தரவு கைக்கு வர ஏழு மாதம் ஆயிற்று. அதில் இரண்டு மாதம் என் கவனக்குறைவால் போனது: சின்னவளின் பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்ததை அதுவரை நான் பார்த்ததே இல்லை. நகராட்சியில் பெயர் சேர்த்துப் புதுச் சான்று வாங்கிய பிறகே மனு நகர்ந்தது. பிள்ளைகளின் பங்குத் தொகை முழுவதையும் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவர்கள் பெயரில் மேஜராகும் வரை வைப்பாகப் போடச் சொன்னார்கள். பள்ளிக் கட்டணத்துக்காக வட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அன்று எனக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது. இன்று அந்த ரசீதுகள் பீரோவில் பத்திரமாக இருப்பதே எனக்கு நிம்மதி.

கேள்வி கேட்டவர்

பிள்ளைகளின் பங்கை முழுவதும் வைப்பில் போட்டால் வீட்டுக் கடனை எப்படி அடைப்பது? மனுவைத் திருப்பூரிலேயே போடலாமா? முன்பணம் குறித்தும் கவலையாக இருக்கிறது.

பதில்: அதே வழக்கறிஞர்

சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். எனவே தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்டதுதான் மனுவின் உயிர்நாடி. அவசியத் தேவை அல்லது மைனருக்கு வெளிப்படையான நன்மை, இவ்விரண்டில் ஒன்று இருந்தால்தான் நீதிமன்றம் அனுமதிக்கும். "எனக்குக் கடன் இருக்கிறது" என்று எழுதினால் அது உங்கள் தேவையாக மட்டுமே நிற்கும். ஆனால் அந்த வீடும் உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் அதிலும் பாதி பிள்ளைகளுடையது. வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுபோனால் அவர்கள் குடியிருக்கும் கூரையே போய்விடும். இதைச் சொல்லி, வங்கியின் கடன் நிலுவை அறிக்கையையும் நோட்டீசையும் இணைத்து, விற்பனைத் தொகையில் எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு பிள்ளைகள் பெயரில் வைப்புக்கு என்று கணக்காகவே எழுதிக் கொடுங்கள். முதலில் உங்கள் பங்கிலிருந்து கடனை அடைத்து, போதாததற்கு மட்டும் பிள்ளைகளின் பங்கைத் தொடுவதாகக் காட்டினால் மனு வலுப்பெறும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவையும் வேண்டும். விலை குறைவு என்று கருதினால் பொது ஏலத்தில் விற்கும்படி நிபந்தனை விதிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், உண்மையான விலையையே காட்டுங்கள்.

முன்பணத்தைச் செலவழிக்காதீர்கள். நீதிமன்ற அனுமதி கிடைத்தால் மட்டுமே கிரயம், கிடைக்காவிட்டால் பணம் வாபஸ் என்று புதிய உடன்படிக்கை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் ஒப்பாவிட்டால் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: இஸ்லாமியக் குடும்பங்களில் தாய், பிள்ளையின் சொத்துக்குச் சட்டப்படி காப்பாளர் அல்லர். அங்கே முதலில் காப்பாளர் நியமனம் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றம் காப்பாளரை நியமிக்க வேண்டும். விற்பனை அனுமதி அதன் பிறகுதான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. வாங்குபவரிடம் பேசினேன், உத்தரவு வரும் வரை காத்திருப்பதாகச் சொன்னார், புதிய உடன்படிக்கை எழுதுகிறோம். மகனின் பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பெயர் இல்லை. திங்கட்கிழமை அதற்காகப் போகிறேன்.