கோத்தகிரிக் குளிரில் நறுமணத் தைலங்களை வீட்டில் எவ்வாறு பயன்படுத்துவது?

கேள்வி: குறிஞ்சி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கோத்தகிரிக்கு அருகில் வசிக்கிறோம். மார்கழியும் தையும் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மூக்கடைப்பு, உதட்டு வெடிப்பு, பித்தவெடிப்பு, மூட்டுக் குடைச்சல் என்று யாருக்காவது ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. எனக்குத் தோல் வறண்டு அரிக்கிறது. இரவில் உறக்கமும் சரியாக வருவதில்லை.

சென்ற வாரம் உறவினர் ஒருவர் உதகையிலிருந்து யூகலிப்டஸ், விண்டர்கிரீன், எலுமிச்சைப்புல், லாவெண்டர் ஆகிய நான்கு தைலங்களை வாங்கிவந்து கொடுத்தார். முதல் இரண்டும் சில்லறையாக ஊற்றி வாங்கப்பட்டவை. புட்டிகளின் மேல் பேனாவால் எழுதியிருந்த பெயர் அழிந்துவிட்டது. எனக்குச் சளி பிடித்திருப்பதால் முகர்ந்து பார்த்தும் எது எது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டில் ஒன்றரை வயது மகன் இருக்கிறான். மாமியாருக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை நடந்து, இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை நாள்தோறும் எடுத்துவருகிறார். மாமனாருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனால் அவர் மருந்து எதுவும் எடுப்பதில்லை. இவர்களில் யாருக்கு எந்தத் தைலத்தை, எந்த அளவில், எதில் கலந்து பயன்படுத்தலாம் என்பதையும், குளிக்கும் வெந்நீரில் சில துளிகள் விடலாமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தைலக்கொட்டகை

சகோதரி, முதலில் அந்தப் பெயரில்லாத இரண்டு புட்டிகளையும் பிரித்தறிந்துகொள்ளுங்கள். அதற்கு முன் எதையும் யார் மேலும் தடவ வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு புட்டியிலிருந்து நான்கைந்து துளிகளை விட்டு மெதுவாகக் கலக்கிவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். யூகலிப்டஸ் தைலம் தண்ணீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கும். விண்டர்கிரீன் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் சிறு முத்துகளாகத் திரண்டு அடியில் போய்த் தங்கும். தைலம் காய்ச்சும் கொட்டகைகளிலும் இந்த வேறுபாடு அன்றாடம் கண்ணில் படுவதுதான். யூகலிப்டஸ் காய்ச்சும்போது சேகரிக்கும் பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து தைலத்தை எடுப்பார்கள். விண்டர்கிரீன் காய்ச்சும்போது அடியிலிருந்து வடித்தெடுப்பார்கள்.

நம் மலையில் கற்பூரமரம் என்று அழைக்கப்படும் யூகலிப்டஸ், 1843ஆம் ஆண்டு விறகுக்காக இங்கே கொண்டுவரப்பட்ட ஆஸ்திரேலிய மரம். அதன் இலையைப் பெரிய செப்புப் பாத்திரத்தில் திணித்து, நீர் ஊற்றி, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் செல்லும் குழாய் வழியாக இறக்கினால் தைலம் கிடைக்கிறது. சுமார் 100 கிலோ இலையைக் காய்ச்சினால் ஒரு கிலோ அளவில்தான் தைலம் தேறும். அவ்வளவு இலையின் காரமும் சிறு புட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், துளிக்கணக்கில் பயன்படுத்தச் சொல்வதன் காரணம் விளங்கும். விண்டர்கிரீன் அப்படியல்ல, அது சோலை ஓரங்களில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. அதன் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே வேதிப்பொருள்தான். அதே பொருளை ஆலையிலும் மலிவாகத் தயாரிக்க முடியும் என்பதால், கடையில் கிடைப்பது இலையிலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்பதை நாம் முகர்ந்து கண்டுபிடிக்க இயலாது.

கலப்படம் பற்றியும் ஒரு சொல். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டு மறுநாள் பாருங்கள். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுப்பான கறை நிலைத்து நிற்கும். செயற்கை வாசனைப் பொருள் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. உங்கள் நான்கு புட்டிகளில் நான் அதிகம் ஐயப்படுவது லாவெண்டரைத்தான். அது நீலகிரியில் பெருமளவில் விளையும் பயிர் அன்று. புட்டியில் லாவண்டுலா அங்குஸ்டிபோலியா என்ற தாவரப் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அறைக்கு மணமூட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: மருந்தாளுநர், கோவை

மேலே சொல்லப்பட்ட தண்ணீர்ச் சோதனையை இன்றே செய்துவிடுங்கள். ஏனெனில் உங்கள் வீட்டில் இருப்பவர்களின் நிலையைப் பார்க்கும்போது, நான்கில் எனக்கு அச்சமூட்டுவது விண்டர்கிரீன்தான்.

மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவுடைய பொருள். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி விண்டர்கிரீன் தைலத்தில் இருப்பது ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். வழக்கமான மாத்திரைக் கணக்கில் அது இருபதுக்கும் மேல். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவை விழுங்கினால்கூடச் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேரும். அதன் மணம் இனிப்பு மிட்டாயை நினைவூட்டுவதாக இருப்பதால் குழந்தைகள் வாயில் வைக்கத் தயங்குவதில்லை என்பது இந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது. ஆகவே, அந்தப் புட்டியில் பெயரை அழியாத மையால் எழுதி, பூட்டக்கூடிய அலமாரியில் வையுங்கள். குழந்தையின் தோலிலும் அதைத் தடவக் கூடாது. காய்ச்சலின்போது குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு உள்ள காரணம் இந்தத் தைலத்துக்கும் பொருந்தும்.

அடுத்து உங்கள் மாமியார். இதய வால்வு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் வகை மாத்திரை. மெத்தில் சாலிசிலேட் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து இம்மாத்திரைகளின் செயலைக் கூட்டிவிடும் என்பதும், அதனால் இரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கிறது என்பதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளவை. கடையில் விற்கும் வலி நிவாரணிக் களிம்புகள் பலவற்றிலும் இதே பொருள் இருப்பதால், அவருக்கு எந்தக் களிம்பைத் தடவுவதாக இருந்தாலும் அதன் உட்பொருள்களைப் படித்துப் பாருங்கள். முன்பே தடவியிருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

யூகலிப்டஸுக்கு வருவோம். அதில் உள்ள சினியோல் மூக்கின் உள்ளே குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அதனால்தான் முகர்ந்தவுடன் அடைப்பு விட்டதுபோல் தோன்றுகிறது. உள்ளே வீங்கியிருக்கும் சவ்வு அதனால் சுருங்கிவிடுவதில்லை. இரவில் அந்த ஆறுதல் கிடைத்து உறக்கம் வந்தால் அதுவே பெரிய பயன்தான். அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் சளி குணமாகிவிட்டது என்று எண்ணி, மூச்சிரைப்பு உள்ளவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் இருந்துவிடக் கூடாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இந்த நெடியே மூச்சிரைப்பைத் தூண்டும்.

பெரியவர்கள் கைக்குட்டையில் ஒன்றிரண்டு துளிகள் விட்டு முகரலாம். ஆவி பிடிப்பதானால், அடுப்பிலிருந்து இறக்கிக் கொதி அடங்கிய நீரில் ஒரு துளி போதும்; கண்களை மூடிக்கொள்ள வேண்டும். நெஞ்சில் தடவுவதானால் 30 மில்லி நல்லெண்ணெயில், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவில், 12 துளிகளுக்கு மிகாமல் கலந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு ஆவியும் வேண்டாம், தைலமும் வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது குளிர்காலத்தில் தொடர்ந்து நடக்கும் கொடுமை. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் மூக்கருகே யூகலிப்டஸ், மெந்தால் போன்றவற்றைப் பூசினால் மூச்சுக்குழாய் திடீரென இறுகிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்தே ஏற்றது.

உங்கள் வறண்ட தோலுக்கு நறுமணத் தைலம் எதுவும் ஈரப்பதம் தராது. அந்த வேலையைச் செய்வது அதனுடன் கலக்கும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் உங்கள் ஊரில் நல்லெண்ணெய் வசதியாக இருக்கும். மிகுந்த சூடில்லாத நீரில் குளித்து, உடலை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் எண்ணெயைத் தடவுங்கள். மணம் வேண்டுமென்றால் 30 மில்லிக்கு ஐந்தாறு துளி லாவெண்டர் சேர்க்கலாம். முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எலுமிச்சைப்புல் தைலத்தில் உள்ள சிட்ரால் தோலை எளிதில் உறுத்தக்கூடியது. வெடித்த பாதத்தில் அதைப் பூச வேண்டாம். பஞ்சில் ஒரு துளி விட்டு அறையின் மூலையில் வைப்பதே அதற்குரிய பயன்.

குளிக்கும் வாளியில் நேரடியாகத் துளி விடாதீர்கள். தைலம் நீரில் கரையாது. மேலே மிதந்து, முதல் குவளையிலேயே கலப்பில்லாமல் முகத்திலும் கண்ணிலும் படும்.

பதில் 3: சேலம் வாசகி

மருந்தாளுநர் சொல்வதை மதிக்கிறேன். இருப்பினும், தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுச் சூடாக்கிக் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது எங்கள் பாட்டி காலத்திலிருந்து வரும் வழக்கம். எங்கள் குடும்பத்துக் குழந்தைகள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தார்கள். தைலம் கூடாது என்றால் இதையாவது செய்யலாம் அல்லவா?

பதில் 4: மருந்தாளுநர், கோவை

அம்மா, அந்த வழக்கத்தில் இருக்கும் அன்பும் கைச்சூடும் குழந்தைக்கு உண்மையாகவே இதம் தருபவை. வெதுவெதுப்பான எண்ணெயை மட்டும் தேய்த்தாலும் அந்த இதம் குறையாது. சூடத்தைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன். கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாக உள்ளே செல்லும். விரலில் ஒட்டியது வாய்க்கும் போகும். அது மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக்கூடியது, அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. அமெரிக்காவில் இதனால்தான் 1983ஆம் ஆண்டு வெளிப்பூச்சு மருந்துகளில் கற்பூரத்தின் அளவு 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்தார்கள். நாம் எண்ணெயில் கிள்ளிப்போடும் வில்லைக்கு அளவும் இல்லை, தரமும் தெரியாது. பூசைக்கு விற்கப்படும் சூடத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. மருந்தாகப் பயன்படுத்தத் தக்க தூய்மையை எண்ணி அதைச் செய்வதில்லை.

குழந்தை தைலத்தையோ சூடத்தையோ விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போகலாம், வலிப்பும் நடுவிலேயே வரலாம். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள் அல்லது 108ஐ அழையுங்கள். அறிகுறிகள் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடும்.

பதில் 5: டொராண்டோவிலிருந்து

ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் நீலகிரித் தைலத்தை இங்கே கொண்டுவந்து கொடுப்பதுண்டு. இங்கு ஆறு மாதம் வீட்டை வெப்பமூட்டியே இருக்க வேண்டியிருப்பதால் உட்காற்று மிகவும் உலர்ந்துவிடுகிறது. அதற்காகப் பலரும் காற்றை ஈரமாக்கும் கருவியை வைத்துக்கொண்டு, அதன் நீர்த்தொட்டியிலேயே தைலத்தையும் ஊற்றுகிறார்கள். தைலம் பிளாஸ்டிக்கை அரித்து விரிசல் விடச் செய்யும். தைலத்துக்கெனத் தனித்தட்டு உள்ள கருவியாக இருந்தால் ஒழிய அதில் ஊற்ற வேண்டாம். கோத்தகிரியிலும் இப்போது பலர் இத்தகைய கருவியை வாங்குவதால் சொல்கிறேன்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. சாலிசிலேட் போன்ற பொருள்களை முறித்து வெளியேற்றுவதற்கான நொதி பூனையின் ஈரலில் மிகவும் குறைவு. தைலம் பட்ட தன் உரோமத்தை அது நக்கினால் நஞ்சாகிவிடும். மூடிய அறையில் பூனையை வைத்துக்கொண்டு தைல ஆவி எழுப்பக் கூடாது.

குறிஞ்சி

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தண்ணீர்ச் சோதனையைச் செய்தேன். ஒரு புட்டியின் துளிகள் மிதந்தன. மற்றதன் துளிகள் அடியில் தங்கிவிட்டன. இரண்டிலும் பெயர் எழுதிப் பூட்டி வைத்துவிட்டேன். மாமியாருக்கு இதுவரை அந்தத் தைலம் எதுவும் தடவவில்லை. எங்கள் வீட்டில் பூனை இல்லை.

மாமனாருக்கு இரத்த மருந்து எதுவும் இல்லை என்பதால், அவருடைய முழங்காலுக்கு மட்டும் விண்டர்கிரீனைப் பயன்படுத்தலாமா? எப்போதும் அவர் பேரனைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பார் என்பதால் கேட்கிறேன்.

பதில் 6: மருந்தாளுநர், கோவை

அவருக்கு வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகியவை இல்லையென்றால் பயன்படுத்தலாம். 30 மில்லி நல்லெண்ணெயில் 10 துளிகளுக்கு மிகாமல் கலந்து, வெடிப்போ புண்ணோ இல்லாத தோலில் மட்டும் தடவுங்கள். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கவோ துணியால் இறுகக் கட்டவோ கூடாது. சூடும் கட்டும் சேர்ந்தால் தைலம் பலமடங்கு உள்ளே இறங்கும், தோலும் வெந்துவிடும். வெந்நீர்ப் பைதான் அவருக்கு அதிக சுகம் தருகிறதென்றால் தைலத்தை விட்டுவிட்டுப் பையை மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

பேரன் உறங்கிய பின், இரவில் ஒரு வேளை தடவிக்கொள்வது நல்லது. தடவிவிடுபவர் மாமியாராக இருக்க வேண்டாம்; அவருடைய உள்ளங்கை வழியாகவும் தைலம் உள்ளே செல்லும். தடவியவரும் மாமனாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அவர் முழங்காலை மறைக்கும்படி நீளமான கால்சட்டை அணிந்துகொண்டு, காலையில் அந்த இடத்தைக் கழுவிய பிறகு பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். காதில் இரைச்சல், தலைசுற்றல், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் தடவியும் வலி குறையவில்லையென்றால், முழங்காலையே ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.