கெட்டித் திரவத்தைக் காற்றால் கலக்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பசைக்காரன்:
எங்கள் ஆலையில் 20,000 லிட்டர் பசைத் தொட்டி ஒன்று இருக்கிறது. தண்ணீர் சேர்ந்த பசைதான், ஆனால் ஆறிய கேழ்வரகுக் கூழ் மாதிரி இருக்கும். போன மாதம் கலக்கியின் தண்டு வளைந்துவிட்டது. பத்து வருடத்தில் இது மூன்றாவது தடவை. அடியிலிருந்து காற்றை விட்டே கலக்கிவிடலாம், உள்ளே சுழலும் பாகமே வேண்டாம் என்கிறார் மேனேஜர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னப் பிள்ளை மோரில் ஸ்ட்ரா விட்டு ஊதுகிற ஞாபகம்தான் வருகிறது. கேட்லாக்கில் இருப்பதைப் படித்துவிட்டேன். செய்து பார்த்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

மணலி ஷிப்ட்:
லூப் ஆயில், அதாவது இயந்திரங்களுக்குப் போடும் மசகு எண்ணெய் கலக்கும் இடத்தில் 14 வருடம் இருந்தவன் நான். உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது, தம்பி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தொட்டி அடியில் துளை போட்ட பைப் வளையம் இருந்தது. வால்வைத் திறந்தால் மேலே தளதளவென்று கொதிப்பதுபோலத் தெரியும், பார்க்க அருமையாக இருக்கும். மெல்லிய எண்ணெய்க்கு அது போதும். கியர் ஆயில் பேட்ச் வந்தால்தான் வேதனை. இரண்டு மணி நேரம் ஊதிவிட்டு மேல், நடு, அடி என்று மூன்று சாம்பிள் எடுப்போம். மூன்றும் மூன்று விதமாக இருக்கும். அடிச் சாம்பிளில், எண்ணெயோடு சேர்க்கிற அடிட்டிவ் மருந்து அப்படியே பாகாக நிற்கும். லேப் திருப்பி அனுப்பும். நாங்கள் இன்னும் காற்றைக் கூட்டுவோம். எண்ணெய் பால் மாதிரி வெளுத்து நுரை ஏறும். ஒரு ராத்திரி நுரை மேன்ஹோல் வழியாக வழிந்து படிக்கட்டெல்லாம் எண்ணெய். மரத்தூளைக் கொட்டிக் கொட்டி விடியும்வரை அள்ளினோம்.

கணக்கு அப்புறம்தான் புரிந்தது. ஆயிரம் சென்டிபாய்ஸ், அதாவது தண்ணீரைப்போல ஆயிரம் மடங்கு கெட்டியுள்ள எண்ணெயில் 1 மி.மீ. குமிழியைத் தனியாக விட்டால், நொடிக்கு அரை மி.மீ. அளவுக்குத்தான் ஏறும். 8 மீட்டர் ஏற நாலரை மணி நேரம் ஆகும். அதுவரை அது எண்ணெயைத் தூக்குவதில்லை, எண்ணெய்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஓர் அடி அகலக் குமிழியின் கதையே வேறு. நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகும், ஏழெட்டு நொடியில் மேலே வந்துவிடும். அந்த அளவில் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குமிழியின் அகலம்தான், எண்ணெயின் கெட்டித்தனம் இல்லை. தலையால் மேலே உள்ளதைத் தள்ளிக்கொண்டு, அடியில் உள்ளதை வாலோடு இழுத்துக்கொண்டு ஏறும். ஏற ஏற மேலே உள்ள எண்ணெயின் பாரம் குறைவதால் பருக்கவும் செய்யும். 8 மீட்டர் ஆழத்தில் விட்ட காற்று மேலே வரும்போது சுமார் 1.7 மடங்கு ஆகியிருக்கும்.

பிறகு அந்த வளையத்தைக் கழற்றிவிட்டுத் தட்டு வைத்தார்கள். வட்டமான இரும்புத் தட்டு, தரையிலிருந்து கொஞ்சம் இடைவெளி, அதற்கு அடியில் ஏர் லைன். அரை நொடிதான் வால்வு திறக்கும். காற்று தட்டுக்கு அடியில் பரவி, விளிம்பைச் சுற்றி வெளியே வந்து, மேலே ஒரே குமிழியாகச் சேரும். அப்புறம் சில நொடி சும்மா இருக்கும், மறுபடி அரை நொடிக் காற்று. மேலே நின்று பார்த்தால் எண்ணெய் குடத்தின் அடிப்பாகம் மாதிரி மெல்ல உப்பி, 'பொளக்'கென்று உடையும். கொதிப்பும் இல்லை, சத்தமும் இல்லை. வேலை நடக்கிறதா என்றே எங்கள் ஃபோர்மேனுக்குச் சந்தேகம். நாற்பது நிமிடத்தில் மூன்று சாம்பிளும் ஒன்றாக வந்தபோது லேப்காரர் ஒரே இடத்தில் எடுத்தீர்களா என்று கேட்டார்.

அதிலும் ஒரு அடி வாங்கினோம். மழைக்காலம், கம்ப்ரசரின் டிரையர் பழுது. காற்றோடு போன ஈரம் பேட்ச் முழுக்க இறங்கிவிட்டது. சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டால் சடசடவென்று பொரிந்தது. மொத்தத்தையும் சூடாக்கித் தண்ணீரை ஓட்ட இரண்டு நாள் ஆனது. இன்னொன்று, தின்னர் மாதிரி பற்றிக்கொள்ளும் கரைப்பான் கலந்த சரக்கு என்றால் காற்றே கூடாது, நைட்ரஜன்தான்.

அடுப்படி வாசகி:
எனக்குத் தொழிற்சாலை தெரியாது. ஆனால் கூழ் காய்ச்சும்போது சின்னத் தீயில் வைத்தால் ஓரத்தில் முத்து முத்தாக வந்து நிற்கும், அடியோ பிடித்துவிடும். தீ கூடினால் 'தொப் தொப்' என்று பெரிசாக வந்து கையில் தெறிக்கும். அந்தத் 'தொப்' வரும் இடத்தில் மட்டும் கூழ் தானாகப் புரளும். என் கையில் மூன்று தழும்பு சாட்சி.

மணலி ஷிப்ட்:
அம்மா, நான் 14 வருடத்தில் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

தான்சானியா ரிட்டர்ன்:
அங்கே ஒரு பழைய தங்க ஆலையில் மூன்று வருடம் இருந்தேன். பச்சூக்கா தொட்டி என்பார்கள். மெக்சிகோவில் வெள்ளி எடுக்கும் பச்சூக்கா ஊர்ப் பெயர்தான் அது. உயரமான தொட்டி, அடி புனல் மாதிரி கூம்பு. நடுவில் ஒரு குழாய், அதன் அடியில் காற்று விடுவார்கள். காற்று கலந்த தாதுச் சேறு லேசாகிக் குழாய் வழியே ஏறி மேலே கொட்டும், வெளியில் உள்ளது கீழே இறங்கும். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனிய ஆலையிலும் அமிலத்தில் தாதுவைக் கரைப்பது இந்த வகைத் தொட்டியில்தான்.

மணலி அண்ணா சொன்ன எண்ணெய்க்குக் காற்றோடு வரும் ஈரம் பகை. தங்கத்துக்கோ காற்று இல்லாமல் ஆகாது, ஏனென்றால் சயனைடு தங்கத்தைக் கரைக்க ஆக்சிஜன் வேண்டும். கலக்கும் காற்றே மருந்தும் ஆகிவிடுகிறது.

ஆனால் ஒரு நாள் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. கம்ப்ரசர் நின்றதும் அரைத்த கல் முழுக்கக் கூம்பில் இறங்கி இறுகிவிட்டது. கரண்ட் வந்து காற்றைத் திறந்தால், அது எலி வளை மாதிரி ஒரே பாதை போட்டுக்கொண்டு மேலே வருகிறது, சுற்றியுள்ள மணல் அசையவே இல்லை. நீளமான பைப்பில் காற்றை விட்டு மேலிருந்து குத்திக் குத்தி இளக்கினோம். கீழே சயனைடு, மேலே வெயில், முகத்தில் மாஸ்க். இரண்டு நாள். அன்றிலிருந்து ஜெனரேட்டரை வாரம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என் வேலை.

உருக்காலை:
இரும்பு உருக்கு கெட்டி இல்லை, தண்ணீர் மாதிரி ஓடும், ஆனால் ஏழு மடங்கு கனம். லேடில் என்கிற உருக்குப் பாத்திரத்தின் அடியில் துளையுள்ள செங்கல் வழியாக, எதோடும் சேராத ஆர்கான் வாயுவை விடுவோம். மூன்று மீட்டர் உருக்கின் பாரம் நீங்கும்போது வாயு மூன்று மடங்கு பருக்கும், 1,600 டிகிரிச் சூடு பட்டு இன்னும் ஆறு மடங்கு. அதனால் துளி வாயுவே போதும். கூட்டினால் மேலே கசடு விலகிக் கண் திறந்துவிடும், உருக்கு வெளிக்காற்றைக் குடித்துவிடும்.

சாக்கடை இன்ஜினியர்:
என் கதையில் கலக்கும் வாயுவை வெளியிலிருந்து வாங்குவதில்லை. கழிவுநீர் நிலையத்தில் கசடு செரிக்கும் டைஜஸ்டர். உள்ளே காற்றே போகக்கூடாது. பாக்டீரியா செத்துவிடும், அதோடு மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பொறி போதும். அதனால் கசடு செரிக்கும்போது மேலே சேரும் மீத்தேன் கலந்த பயோகேஸையே உறிஞ்சி, அழுத்தி, அடியில் விடுவோம்.

ஒருமுறை அந்த கம்ப்ரசர் பழுதாகி ஒன்பது நாள் கலக்காமல் கிடந்தது. சரியானதும் ஒரேயடியாக முழு வேகத்தில் போட்டோம். அதுதான் தப்பு. ஒன்பது நாளும் செரிமானம் நிற்கவில்லையே, வாயு கசடுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறது. மாவு பொங்குவதுபோல மொத்தமும் எழும்பி, கேஸ் லைனுக்குள் நுரை, பிரஷர் வால்வு வழியாகக் கசடு. என்ன நாற்றம் என்று எழுதமாட்டேன். இப்போது ஐந்து நிமிடம் ஓட்டி, அரை மணி விட்டு, மறுபடி ஐந்து நிமிடம் என்று மெதுவாகத்தான் எழுப்புகிறோம்.

அமெரிக்காவில் ஹான்ஃபோர்ட் அணுக்கழிவுத் தொட்டி ஒன்றில் இதே விஷயம் பெரிய அளவில் நடந்தது. எஸ்.ஒய்.101 என்பது அதன் எண், ஏறக்குறைய 10 லட்சம் காலன் கொள்ளளவு. அடிக்கசடில் ஹைட்ரஜன் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் கசடு மேலே உள்ள திரவத்தைவிட லேசாகிப் புரண்டு எழும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏப்பம் விடும். 1993இல் உள்ளே ஒரு பம்பை இறக்கி, அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிவிட்ட பிறகுதான் அது அடங்கியது. எங்கள் ஒன்பது நாளை நினைத்தால் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

பசைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். 20 லிட்டர் வாட்டர் கேனின் தலையை வெட்டிவிட்டு, மிட்டாய் போடுகிறவர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற்றினேன். அடியில் குங்குமம் கரைத்த பாகு. முதலில் மகனின் மீன் தொட்டிக் காற்றுக்கல். முத்து முத்தாக அப்படியே தொங்கியது, அரை மணி கழித்தும் குங்குமம் அடியிலேயே. அப்புறம் ஊறுகாய் பாட்டில் மூடியைக் கவிழ்த்து வைத்து, அடியில் டியூப், சைக்கிள் பம்பில் ஒரு அழுத்து. எலுமிச்சை அளவில் ஒன்று கிளம்பி, சிவப்பு நூல் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏறியது. அறுபது அழுத்தில் கேன் முழுக்க ரோஸ், அடி ஓரத்தில் மட்டும் சிவப்பு வளையம் மிச்சம். மனைவி குளுக்கோஸ் விலையைக் கேட்டாள்.

மணலி ஷிப்ட்:
ஓரத்தில் நிற்பதற்கு இன்னும் தட்டு வைக்கலாம், அது பிரச்சினை இல்லை. ஆனால் குளுக்கோஸ் நேர்மையான திரவம், தம்பி. எப்போதும் ஒரே கெட்டி. உங்கள் பசை நின்றால் இறுகி, அசைத்தால் இளகுகிற ஜாதி என்றால், குமிழி தன் பாதையை மட்டும் இளக்கிக்கொண்டு அதே வழியில் போய்க்கொண்டிருக்கும். தான்சானியாக்காரர் சொன்ன எலி வளைதான். நிஜப் பசையை ஒரு ராத்திரி ஊறவிட்டு அதே கேனில் போட்டுப் பாருங்கள்.

பசைக்காரன்:
நாளை ஆலையிலிருந்து ஒரு வாளி கொண்டுவருகிறேன் அண்ணா. தண்டை நிமிர்த்தும் ஆள் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை.