கேஸ் ஹீட்டர் அரை மணியில் மங்கிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். மூட்டுவலி வேறு, இந்த ஜூலைக் குளிர் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்று பேனல் ஹீட்டர், உள்ளே 9 கிலோ சிலிண்டர். பற்றவைத்ததும் மூன்றும் நன்றாகச் சிவக்கின்றன. அரை மணியில் மூன்றாவது மங்கும், அப்புறம் நடுப்பேனல். சிலிண்டரின் அடிப்பகுதி சில்லென்று வியர்த்திருக்கிறது. திரவம் ஆவியாகும்போது குளிர்ந்து அழுத்தம் குறையும் என்பது சரி. ஆனால் போன வருடம் இதே ஹீட்டர் படுக்கப் போகும்வரை குறையில்லாமல் எரிந்ததே?

புது சிலிண்டர் மாற்றியாயிற்று. இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி இல்லை. ஜெட் (பர்னருக்குக் கேஸ் வரும் சிறு துளை) அடைப்பு என்றால் ஆரம்பத்திலேயே மங்கலாகத்தானே எரியும்? ரெகுலேட்டரை மட்டும் மாற்றவில்லை. அது பத்து வருடப் பழசு. புது ஹீட்டரே வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர், மனம் ஒப்பவில்லை.

கார்பன் மோனாக்சைடு பயத்தில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். அதை மூட மாட்டேன்.

ரெகுலேட்டர்தானா, ஹோஸா? இதே தொல்லை பட்டவர்கள் சொல்லுங்கள். இந்தப் பக்கம் பதிவுபெற்ற கேஸ் மெக்கானிக் தெரிந்தாலும் சொல்லுங்கள்.