வேறு வளாகத்தோடு சேர்ந்து செய்த தாவர ஆய்வு: உங்கள் அனுபவம்

பாளையங்கோட்டை தாவரவியலார்
நிலாவாரையைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. உலகச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் திருநெல்வேலிப் பெயரோடு விற்கும் மலமிளக்கி இலை அது. மானாவாரி இலைக்கும் தண்ணீர் பாய்ச்சிய நிலத்து இலைக்கும், மலமிளக்கும் வேதிப்பொருளான சென்னோசைடு அளவில் எவ்வளவு வேறுபாடு என்று பார்க்க நினைத்தோம். இலை எங்களிடம் இருந்தது; வேதிப்பொருளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி வேறொரு வளாகத்தில். துறைத்தலைவரின் கடிதம், அங்கிருந்து பதில், கட்டணத்துக்கு விளக்கம் கேட்டு மறுகடிதம் என்று கோப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அனுமதி வந்த அன்று பொட்டலத்தைப் பிரித்தால், நிழலில் உலர்த்திப் பச்சை மாறாமல் கட்டிய இலை ஈரமேறிப் பழுப்பாகி, விரலில் கறுப்பாக ஒட்டியது. ஈரத்தில் சென்னோசைடு சிதையும் என்று கோப்புக்கு யார் சொல்வது?

பெரணிப் பிரியர்
மேலே எழுதியவர் கடிதத்தை மட்டுமே குறை சொல்வது எனக்கு ஏற்புடையதன்று. பூவும் காயும் உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, சேகரிப்பு எண்ணிட்டு, செடியின் அடையாளச் சான்றாக வைக்கும் ஹெர்பேரியம் தாள் இருந்ததா? அது இல்லாத இலையை எந்த வேதியியலார் நம்புவார்?

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குப் பெரணி (பூக்காத ஃபெர்ன் செடி) சேகரிக்க இரு வளாகத்தாரும் சேர்ந்து புறப்பட்டோம். அனுமதிக் கடிதத்திலோ ஒரு வளாகத்தாரின் பெயர்களே இருந்தன. விடியுமுன் சோதனைச்சாவடியில் வனக்காவலர் டார்ச் வெளிச்சத்தில் பட்டியலை விரல் வைத்து வாசித்து, பெயரில்லாதவர்களை வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார். இறங்கியவர்களுள் ஒருவர், பெரணியைப் பார்த்தவுடனே இனம் சொல்லும் பேராசிரியை. மேலே போனவர்கள் கொண்டுவந்தவற்றில் அடிப்புறத்தில் வித்துத்தொகுதியே (இனத்தைக் காட்டும் ஸ்போர்த் திட்டுகள்) இல்லாத இலைகள்தாம் மிகுதி. அவற்றை வைத்து இனம் பிரிக்க இயலவில்லை.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்
எங்கள் கட்டுரை அச்சானபோது, செடியை அடையாளம் கண்டு தந்த வளாகத்தார் நன்றியுரையின் கடைசி வரியில் கிடந்தார்கள். அதன்பின் அவர்கள் எங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை. யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆசிரியர் பெயர் வரிசையைச் செடி பறிக்குமுன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். ஒரே சேகரிப்பு எண்ணில் இரண்டு மூன்று தாள்கள் தயாரித்து, ஒன்றைப் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி ஹெர்பேரியத்திலும் மற்றொன்றைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்திலும் வைத்தால், எந்த வளாகத்தாரும் எண்ணைச் சொல்லிச் செடியைச் சரிபார்க்கலாம். காப்பகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே எல்லா வளாகத்தாரின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் பாளையங்கோட்டையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவுதானே. கருவியைத் தேடி இலையை அனுப்புவதைவிட, ஆய்வு மாணவரையே ஒரு பருவம் அங்கே உட்காரவையுங்கள்.

பாளையங்கோட்டை தாவரவியலார்
பெரணிப் பிரியருக்கு: தாளும் இருந்தது, எண்ணும் இருந்தது. விரிவுரையாளர் அண்ணாச்சி, மாணவரை அனுப்பும் யோசனை நல்லதுதான். ஆனால் விடுதிக் கட்டணத்தை எந்த வளாகம் கட்டுவது என்று அடுத்த கடிதம் கிளம்பிவிடும்.