கையைத் தூக்கினால் பிளவுஸ் மேலே ஏறுகிறது, எங்கே திருத்துவது?

ஈரோட்டில் வீட்டிலேயே தைக்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர் பள்ளி ஆசிரியை. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அவருடைய பிளவுஸில் ஒரே பிரச்சினை. கையைத் தொங்கவிட்டு நின்றால் ஒரு சுருக்கம் கிடையாது. கரும்பலகையின் மேல்பக்கம் எழுதக் கையைத் தூக்கினால் கீழ்ப்பட்டி ஒன்றரை அங்குலம் மேலே ஏறிவிடுகிறது, மேல்கையும் இறுக்கிப் பிடிக்கிறது. நாள் முழுக்க வகுப்பில் நிற்பவர் அடிக்கடி பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மார்பு 38, தோள் 14½, மேல்கைச் சுற்று 13, கை நீளம் 10. கைக்குழி (கையை இணைக்கும் வளைவு) ஆழம் 7½, கையின் மேல் வளைவு உயரம் 3½. டூ பை டூ காட்டன், காட்டன் லைனிங். இரண்டையும் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டினேன். முன்பக்கம் நான்கு டாட் (உடல் வடிவத்துக்குப் பிடிக்கும் மடிப்புத் தையல்).

கைச்சுற்றை அரை அங்குலம் விட்டுப் பார்த்தேன். இறுக்கம் குறைந்தது, ஏறுவது குறையவில்லை. பக்கத் தையலைத் தளர்த்தினால் அக்குளுக்குக் கீழே தொளதொளக்கிறது. கையை மட்டும் கிராஸில் (துணியின் இழைக்குச் சாய்வாக) வெட்டினேன், கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான். கைக்குழியை அரை அங்குலம் இறக்கியபோது முன்னைவிட அதிகமாக ஏறியது! அதனால் குழியை அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்த வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

அப்படிக் குழியை 7 ஆக்கினால், கை இறங்கியிருக்கும்போது மடிப்பு விழாமல் இருக்க மேல் வளைவை எவ்வளவு குறைக்கலாம்?